எம்டனுக்குப் போட்ட சாப்பாடு

அக்கா காலையில் ஒரு பாம்பைப் பார்த்தாள் என்றால் அது காலையில் மட்டும்தான் ஒரு பாம்பு. ரப்பர் பால் எடை போடும் நேரத்துக்கு அந்தச் செய்தி எங்கள் ஆபீசுக்கு வந்து சேரும்போது அது ஜோடிப் பாம்பாகியிருக்கும். சாயங்காலம் கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் குழாயடியில் குட்டியும் குடும்பமுமாகப் படமெடுத்து ஆடும். "குட்டி ஒவ்வொண்ணும் இந்தத் தண்டி தம்பி, என் கண்ணான" என்று முழங்கையைத் தொட்டுக் காட்டுவாள். குட்டியே அப்படி என்றால் தாய்ப் பாம்பை நாமே நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவளைப் பொய் சொல்கிறவள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பொய் சொல்கிறவனுக்கு அதில் ஏதாவது ஆதாயம் இருக்கும். அக்காவுக்கு என்ன ஆதாயம்? இருப்பதை இருக்கிறபடியே எடுத்துக் கொடுக்க அவள் கைக்கும் வாய்க்கும் மனசு வராது. அவ்வளவுதான் விஷயம். அந்த வீட்டில் வெறும் தண்ணீர் கூடக் கிடைக்காது. கேட்டால் சீரகம் போட்ட தண்ணீர் வரும். காப்பியில் சுக்கு இருக்கும், சுக்கோடு வேறு ஏதோவும் இருக்கும். "வெறுங்காப்பி போதும் அக்கா" என்றால், "ஏன், எங்க வீட்ல இல்லாமயா போச்சு?" என்று முகம் சுருங்கிவிடும். அப்புறம் அதைச் சமாதானப்படுத்த இரண்டு காப்பி குடிக்க வேண்டும்.

கோலா சிலாங்கூருக்குத் தெற்கே, ஆற்றை விட்டு உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ரப்பர் எஸ்டேட். ஜெர்மன் சண்டை முடிந்து, ரப்பர் விலை படுத்து எழுந்து, ஜெர்மன்காரர்களை மறுபடியும் மலாயாவுக்குள் விட ஆரம்பித்திருந்த காலம். நான் சின்னக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவன். சாப்பாடு அக்கா வீட்டில். அக்காவின் புருஷன் பேக்டரிக் கண்டக்டர். பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, ஸ்மோக் ஹவுஸில் தொங்கவிட்டுப் புகை போடுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் இல்லை. சோறு போட்டதில் வந்த சொந்தம்.

அத்தான் பேச்சில் படு சிக்கனம். அக்கா ஒரு கதையை ஆரம்பித்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தறித்துக்கொண்டே வருவார். "நூறு பேரு கூடிட்டாக" என்பாள். "ஒரு பத்துப் பேரு" என்பார். "ரத்தம் ஆறா ஓடுச்சு" என்பாள். "கீறல்" என்பார். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் நடந்தது என்னவென்று ஒருமாதிரி பிடிபடும். யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் பெரிய கிராணியார் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே எச்சரித்திருந்தார். "தம்பி, அந்தப் பிள்ளை சொல்லுறதில அரைவாசியத் தள்ளிப்போட்டு மிச்சத்தக் கேளும். மிச்சத்திலயும் கொஞ்சம் தள்ளலாம், பிழையில்ல."

ஒருமுறை பேக்டரி ஈரத்தரையில் அத்தான் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. அக்கா எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசரைக் கூப்பிட ஓடினாள். வழியில் நாலு பேர் என்னவென்று கேட்டார்கள், நாலு பேருக்கும் சொன்னாள். அரைமணி கழித்துக் கடைசி டிவிஷனிலிருந்து பெண்கள் தலைவிரிகோலமாக ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். அத்தான் படியில் உட்கார்ந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "செத்தவன் இங்கதான் இருக்கேன். வந்தது வந்தீங்க, உக்காந்து ஆளுக்கொரு காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அக்காவுக்கு வெட்கமே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, எப்படி விழுந்தார் என்று இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னாள்.

அவளுடைய கதைகளிலேயே பெரிய கதை எம்டன் கதை. சண்டைக் காலத்தில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் மேல் குண்டு போட்டது எல்லாருக்கும் தெரியும். அதே வருஷம்தான் அக்காவும் அத்தானும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தார்கள். ஏறியது நாகப்பட்டினத்தில். ஆனால் அக்கா சொல்லும்போது குண்டு விழுந்த இடத்துக்கும் அவளுக்கும் தூரம் குறைந்துகொண்டே வரும். நான் முதலில் கேட்டபோது குண்டு துறைமுகத்தில் விழுந்தது. அடுத்த தீபாவளிக்கு அவள் நின்ற தெருவில் விழுந்தது. அதற்கப்புறம் கேட்டபோது அவளுடைய சோற்றுப் பானையிலேயே விழுந்துவிட்டது. "ஒல கொதிக்குது தம்பி, அரிசிய இப்பத்தான் போட்டேன், வந்து விழுந்துச்சு பாரு டமார்னு!"

"நீ மெட்ராசையே பாத்ததில்ல" என்றார் அத்தான்.

"நீங்க பாத்தீகளா?"

"நானும் பாத்ததில்ல."

"அப்பப் பேசாம இருங்க."

இந்த நிலையில் எஸ்டேட்டுக்கு நிஜமாகவே ஒரு ஜெர்மன்காரன் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

பேக்டரியின் பழைய இஞ்சின் உயிரை விட்டுவிட்டது. புது எண்ணெய் இஞ்சின் ஜெர்மனியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அதைப் பூட்டி ஓட்டிக் கொடுக்க சிங்கப்பூரிலிருந்து ஒரு பிட்டரை அனுப்பினார்கள். என் வயதுதான் இருக்கும். ஒடிசலான நெட்டை உடம்பு, வெயிலில் சிவந்த காது. எங்கள் எஸ்டேட் மேனேஜர் துரையின் அண்ணன் சண்டையில் ஜெர்மன் குண்டுக்குச் செத்தவர். அதனால் பங்களா மேசையில் இவனுக்கு இடமில்லை. ஸ்டாப் வீட்டு வரிசையில், அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த வீட்டைக் கொடுத்துவிட்டார் துரை. சாப்பாடு மட்டும் பங்களாவில் சமைக்கிற குக்கி, ஹைலாம் சீனன், அடுக்குப் பாத்திரத்தில் போட்டு அனுப்புவான்.

வந்த அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் என்னோடு நடந்து வருகிறான், அக்கா படியில் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். "இவந்தான் எம்டனா? ஏன்டா டேய், என் சோத்துப் பானை மேல குண்டு போட்டவன் நீதான? நட்டஈடு எங்கடா?"

அவன் என்னைப் பார்த்தான். அவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், அதனால் துபாஷ் வேலை எனக்கு. "அந்த அம்மா உங்களை வரவேற்கிறார்" என்றேன். அவன் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணக்கம் சொன்னான். அக்காவுக்கு வாய் அடைத்துவிட்டது. நான் அவளை அறிந்த காலத்தில் அது அபூர்வம். "பாவம், நல்ல பயலாத்தான் தெரியுறான்" என்று உள்ளே போய்விட்டாள்.

இஞ்சின் விஷயம் சாதாரண விஷயமாக இல்லை. இஞ்சின் இல்லாததால் எங்கள் பாலை லோரியில் பக்கத்து எஸ்டேட் பேக்டரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். கோலாலம்பூரிலிருந்து வந்து பார்த்த கம்பெனி ஏஜெண்டுத் துரைக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போய்விட்டது. அடுத்த தடவை வரும்போது இஞ்சின் ஓடவில்லை என்றால் எங்கள் பேக்டரியையே மூடிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேக்டரி இல்லாத எஸ்டேட்டில் பேக்டரிக் கண்டக்டருக்கு என்ன வேலை? வேலை போனால் வீடும் போகும், வீடு எஸ்டேட்டுடையது. அத்தானுக்கு வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. ஊரில் நிலமும் இல்லை, ஆளும் இல்லை. அத்தான் காலையில் எல்லாருக்கும் முன்னால் போய் அந்த இஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார்.

இஞ்சினைப் பாதி பூட்டியிருக்கும்போது ஜெர்மன்காரனுக்குக் காய்ச்சல் வந்தது. எஸ்டேட்டில் எப்போதும் இருக்கிற மலேரியாக் காய்ச்சல்தான், நடுக்கிப் போட்டுக் கொதிக்க வைத்து வேர்த்து விடும், மறுபடி வரும். டிரசர் கொய்னாவைக் கரைத்துக் கொடுத்தார். கொய்னாவைக் குடித்தான், சாப்பாட்டை மட்டும் தொடவில்லை. குக்கி அனுப்பிய அடுக்குப் பாத்திரம் வந்த மாதிரியே திரும்பிப் போனது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சனிக்கிழமை மோட்டாரில் கிள்ளானுக்குப் போய் அங்கிருந்து சிங்கப்பூருக்கே போய்விடுகிறேன் என்று என்னிடம் சொன்னான். வேறு பிட்டர் வருவதற்குள் ஏஜெண்டுத் துரை வந்துவிடுவார்.

அக்கா முதலில் தன் வழியில் பார்த்தாள். மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போய், "மக்கான், மக்கான் லா!" என்று சாப்பிடச் சொல்லி மலாயில் அதட்டினாள். அவன் ஒரு கரண்டி குடித்தான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட எழுந்து உட்கார்ந்துவிட்டான். "பாத்தியா, எந்திரிச்சு உக்காந்துட்டான்!" என்றாள் அக்கா பெருமையாக. அதற்கப்புறம் அவள் தலையைக் கண்டாலே போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இவன் ஊர்ல வீட்ல ராத்திரிக்கு என்னதான் திம்பாக? அதக் கேட்டுச் சொல்லு. நான் ஆக்கிப் போடுறேன்."

கேட்டேன். அவன் போர்வைக்குள்ளிருந்தே சொன்னான். சொல்லச் சொல்லக் குரல் கொஞ்சம் தெளிந்தது. சாசேஜ், அவித்த உருளைக்கிழங்கு, புளிக்க வைத்த முட்டைக்கோசு. சாசேஜ் அவனிடமே இரண்டு டின் இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்ததாம், திறக்காமலே வைத்திருந்தான். அதைத் தண்ணீரில் சூடு காட்டினால் போதும், ஆனால் தண்ணீர் கொதிக்கக் கூடாது, கொதித்தால் தோல் வெடித்துவிடும் என்றான்.

அக்கா என்னைக் குறுக்கு விசாரணை செய்தாள்.

"மசாலா?"

"கிடையாது."

"இஞ்சி பூண்டு?"

"கிடையாது."

"தாளிக்கிறது கூடவா கெடையாது?"

"எதுவும் கிடையாது அக்கா. உப்பு மட்டும்."

"அடப் பாவமே! அப்புறம் ஏன் இவுக சண்டையில தோக்க மாட்டாக?"

அத்தான் அன்றைக்கு வழக்கத்துக்கு மேல் பேசினார். "இந்தா புள்ள. அவன் என்ன சொன்னானோ அத மட்டும் செய்யி. உன் கைவரிசையெல்லாம் இன்னிக்கி வேணாம். அவன் ஒரு வாய் தின்னா எந்திரிப்பான். எந்திரிச்சா இஞ்சின் ஓடும். இல்லாட்டி நம்ம சட்டி பானையத் தூக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்." அக்கா சாமி சத்தியமாக எதுவும் சேர்க்கமாட்டேன் என்றாள். அத்தான் அவளோடு பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவர். அஞ்சறைப்பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேக்டரிக்குப் போய்விட்டார். கண்டக்டர் ஐயா அஞ்சறைப்பெட்டியோடு வேலைக்குப் போவதை லயமே வெளியில் வந்து பார்த்தது.

நான் கோலா சிலாங்கூருக்குப் போனேன். உருளைக்கிழங்கு கிடைத்தது, புளித்த கோசுக்கு எங்கே போவது? சம்பான் படகு பிடித்து ஆற்றைத் தாண்டிப் பாசிர் பெனம்பாங் போனால் கருவாடு காயப்போடுகிற இடத்தை ஒட்டி ஒரு சீனர் கடை இருந்தது. அங்கே ஜாடியில் கியாம் சாய் வைத்திருந்தான், உப்பில் ஊறிப் புளித்த கீரைத்தண்டு. கோசுக்கு இது தம்பி முறையாவது ஆகும் என்று வாங்கி வந்தேன். அக்கா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு பச்ச மொளகாய மட்டும்..."

"அக்கா!"

"சும்மா சொன்னேன்டா. அதுக்குள்ள வந்துட்டான் அதிகாரம் பண்ண."

டின்னைத் திறந்ததும் அக்கா மோந்து பார்த்தாள். "ஆத்தாடி, நம்ம ஸ்மோக் ஹவுஸ் வாசன அடிக்குது! ரப்பர் ஷீட்டத் தொங்க விடுற மாதிரி கறியத் தொங்க விட்ருக்கான்யா." புகை போட்டதுதான், அது உண்மை. மாடா என்று கேட்டாள். பன்றி என்றேன். அப்போ சரி என்று சேலையை இழுத்துச் செருகினாள்.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு இருக்கிறதே. கொதிக்காத தண்ணீரில் எதையாவது அவிப்பதென்றால் என்னவென்று அவளுக்கு விளங்கவே இல்லை. "கொதிக்கக் கூடாதுன்னா அடுப்பு எதுக்கு? குளிப்பாட்டவா?" என்று என்னைத் திட்டினாள். ஒரு குமிழி வந்தால் விறகை இழுப்பாள், அடங்கினால் தள்ளுவாள். விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "கொழந்தைக்கு ஊத்துற சூடுதான் இருக்கு, போதுமா?" என்பாள். கிழங்கை அவித்துத் தோலை உரித்தாள். அதோடு வேலை முடிந்துவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. வழக்கமாக அஞ்சறைப்பெட்டி இருக்கிற இடத்துக்கு அவள் கை தானாகப் போகும், அங்கே ஒன்றும் இருக்காது, அந்த இடத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பி வரும். எனக்கே பாவமாகிவிட்டது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜெர்மன்காரனைப் போர்வையோடு கூட்டிக்கொண்டு வந்து அத்தானின் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தேன். சாசேஜ் வாசனை வந்ததும் தலையை நிமிர்த்தினான். அப்புறம் என்னிடம் மெதுவாகக் கேட்டான். "கடுகு இருக்குமா?"

சாசேஜுக்கு அவர்கள் தொட்டுக்கொள்வது காடியில் அரைத்த கடுகு விழுது. அது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ரெஸ்ட் ஹவுஸ் மேசையில் பார்த்திருக்கிறேன். ஆனால் என் கெட்ட நேரம், "கடுகு கேக்கிறான் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கேட்டியா? கேட்டியா? அவனே கேட்டுட்டான்! நானாவா போட்டேன்?" நான் வாயைத் திறப்பதற்குள் பின்பக்கமாக ஓடி, ஆட்களை வேலை வாங்குகிற மண்டோரின் வீட்டில் கடன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கடுகுக்குப் போனவள் கடுகோடு மட்டும் வந்தாள் என்று சொல்ல முடியாது. உள்ளே எண்ணெய் காயும் வாசனை வந்தது. அப்புறம் படபடவென்று கடுகு வெடித்தது. பேக்டரியிலிருந்து திரும்பியிருந்த அத்தான் முன்னறையில் கண்ணை மூடிக்கொண்டார்.

தட்டு வந்தது. சாசேஜும் கிழங்கும் கியாம் சாயும் அவன் சொன்னபடியே இருந்தன. அதன் தலையில் பொரிந்த கடுகு, கிள்ளிப்போட்ட காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. அக்கா கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவள் மாதிரி நின்றாள்.

அவன் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். கோபமெல்லாம் இல்லை. வீட்டுச் சாப்பாடு என்று நினைத்து வந்து உட்கார்ந்தவனுக்கு வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். போர்வையை இழுத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்.

"இந்தக் காய்ச்சலில் நான் செத்துப்போவேனா? டிரசரைக் கேட்டேன், சிரிக்கிறார். துரையைக் கேட்டால் இஞ்சின் எப்போது ஓடும் என்கிறார். நீயும் இஞ்சினுக்காகத்தான் பேசுவாய். இந்த அம்மாவைக் கேட்டுச் சொல். இந்த ஊரில் இந்தக் காய்ச்சலில் ஆட்கள் சாகிறார்களா?"

உண்மையைத் தெரிந்துகொள்ள இந்த மனிதன் தேடிப் பிடித்த ஆளைப் பாருங்கள் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. அவன் கேட்டதை அப்படியே தமிழில் சொன்னேன்.

அத்தான் எழுந்து அக்கா பக்கத்தில் போனார். தாழ்ந்த குரலில், கெஞ்சுகிற மாதிரி சொன்னார். "இந்தா. ஒருத்தரும் சாகலன்னு சொல்லு. நெறையப் பேரு பொழச்சு எந்திரிச்சு ஓடுனாகன்னு சொல்லு. நீ எவ்வளவு வேணாலும் கூட்டிச் சொல்லிக்க, இன்னிக்கி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உனக்கா சொல்லித் தரணும்?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் வந்து ஜெர்மன்காரனுக்கு எதிரில் நின்றாள். கையில் கரண்டி இருந்தது.

"சாவாக" என்றாள். "என் மவ செத்துப்போச்சு."

நான் அந்த வீட்டில் அத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு குழந்தை இருந்தது என்பதே எனக்குத் தெரியாது.

"சொல்லுடா, அவங்கிட்டச் சொல்லு" என்றாள். சொன்னேன்.

"இங்க வந்த மறு வருசம். இதே காய்ச்சல்தான். கொய்னா குடுத்தோம். சோறு எறங்கல. கரண்டியக் கொண்டுபோனா மொகத்தத் திருப்பிக்கிருச்சு. அழுவுதேன்னு நானும் விட்டுட்டேன். அப்புறம் குடுக்கலாம்னு விட்டுட்டேன்." கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். "விட்ருக்கக் கூடாது. அதான் இவன விடமாட்டேங்கிறேன். அதச் சொல்லு."

நான் ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் சொன்னேன். அத்தான் பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்ப் பீப்பாய் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஜெர்மன்காரன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். முள்கரண்டியை எடுத்து மிளகாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். சாசேஜை வெட்டி வாயில் போட்டான். கடுகு பல்லில் கடிபட்டது போலிருக்கிறது, ஒரு நிமிஷம் மெல்லுவதை நிறுத்தினான். அப்புறம் மென்றான். கிழங்கை மசித்து அந்தத் தாளிப்பு எண்ணெயில் தொட்டான். அக்கா கரண்டியோடு நின்ற இடத்திலேயே நின்று தட்டு காலியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சனிக்கிழமை மோட்டாரில் போகவில்லை. காய்ச்சல் இன்னும் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனது. மூன்று வேளையும் அக்கா கரண்டியும் கையுமாக அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். டின் தீர்ந்ததும் கஞ்சி, கஞ்சிக்கப்புறம் ரசம். கடைசியில் அந்த மிளகு ரசத்தையே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டு வாங்கிக் குடிக்கிற அளவுக்கு ஆகிவிட்டான். ஏஜெண்டுத் துரை வந்து இறங்கிய அன்று இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் ஆபீஸ் வரை கேட்டது. பெரிய கிராணியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஓடுது தம்பி, ஓடுது" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அத்தானின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்கப்புறம் அந்தச் சாப்பாடு எம்டன் குண்டையே மிஞ்சிய கதையாகிவிட்டது. இரண்டு டின் சாசேஜ் ஒரு கள்ளிப்பெட்டி நிறைய சாசேஜாயிற்று. ஒவ்வொன்றும் முழங்கை நீளம், அவளுக்கு எல்லாமே முழங்கை நீளம்தான். ஜெர்மன்காரன் தாளிப்பு வாசனையைப் பிடித்துக் கட்டிலிலிருந்து குதித்து ஓடிவந்தான். தட்டை வழித்து நக்கினான். காலில் விழுந்து, "அம்மா, எங்க ராசா வீட்ல கூட இப்பிடித் தின்னதில்ல" என்று அழுதான். ஜெர்மனிக்குப் போய் அங்கே எல்லாருக்கும் கடுகு தாளிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டானாம். "இப்ப அங்க ஊடு ஊட்டுக்குத் தாளிக்கிற சத்தந்தான் தம்பி!" அத்தான் வெற்றிலையை மென்றுகொண்டு, "ரெண்டு டின்னு" என்பார்.

எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை சொன்ன மாதிரி மறு தடவை சொன்னதில்லை. ஆனால் எந்தத் தடவையும் அந்தக் குழந்தை அதில் வரவில்லை. அவன் எதற்காகச் சாப்பிட ஆரம்பித்தான் என்பது மட்டும் கதையிலேயே இருக்காது.

நான் வேறு எஸ்டேட்டுக்கு மாறிப் போகிற சமயம் விடைபெற்றுக்கொள்ளப் போனேன். அத்தான் பேக்டரியில் இருந்தார். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வேறெப்போது கேட்பது என்று துணிந்து கேட்டுவிட்டேன். "எல்லாத்தையும் அவ்வளவு சொல்றீங்க அக்கா. பாப்பாவப் பத்தி மட்டும் ஒண்ணுமே சொல்றதில்லையே?"

அவள் முறத்தை நிறுத்தவில்லை. ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"அதுல கூட்டிச் சொல்ல என்னடா இருக்கு" என்றாள். "இருந்ததே அவ்வளவுதான்."